பிக்கு ஏன் உழைத்துச் சாப்பிடக் கூடாது?

கேள்வி: தாய்லாந்தில் புத்த பிக்குகள் கோடிக்கணக்கில் சேர்த்து மாட்டிக்கொள்ளும் செய்திகளைப் படிக்கிறோம். பிச்சைப் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சொந்த உழைப்பில் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டால் இந்த வம்பே இருக்காதே?

பதில்: புத்தரிடமே இதைக் கேட்டாயிற்று. மகத நாட்டில் விதைப்புக் காலம். 500 ஏர் பூட்டிய கசி பாரத்வாஜர் என்ற அந்தணர், ஆட்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். பாத்திரத்தோடு வந்து நின்ற புத்தரிடம், 'நான் உழுது விதைத்துச் சாப்பிடுகிறேன். நீரும் அப்படியே செய்யும்' என்றார். 'நானும் உழவன்தான், நம்பிக்கையே என் விதை' என்று புத்தர் பாட்டிலேயே பதில் சொல்ல, அந்தணர் மனம் குளிர்ந்து பாயசத்தை நீட்டினார். பாடியதற்குக் கிடைக்கும் உணவு தமக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார் புத்தர்.

விதிகளும் அதே போக்குதான். பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, செடி கொடியை வெட்டக் கூடாது, நாளைக்கென்று சோற்றை எடுத்து வைக்கக் கூடாது. அப்புறம் எங்கே விவசாயம்? விடிந்தால் ஊருக்குள் போயாக வேண்டும். ஊர் முகம் சுளித்தால் அன்று பட்டினி. கடிவாளம் ஊரார் கையில். நீங்கள் சிபாரிசு செய்யும் தன்னிறைவு இன்று யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்: கோடி சேர்த்த பிக்குவிடம்தான்! அவருக்கு எந்த வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

(சீனத்தில் பாய்சாங் என்ற ஜென் குரு வேறு வழி போனார். தள்ளாத வயதில் சீடர்கள் அவருடைய மண்வெட்டியை ஒளித்து வைக்க, வேலை செய்யாத நாளில் சாப்பாடு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாராம். மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவர் பாடுபட்டது மடத்துக்காக, தன் மடிக்காக அல்ல.)

பணத்துக்கு வருவோம். தங்கம் வெள்ளி வாங்கிய பிக்கு அதைச் சங்கத்தின், அதாவது பிக்குகள் கூட்டத்தின், முன் விட்டுவிட வேண்டும். வேறு வழியில்லை என்றால், அதை எறிவதற்கென்றே ஒரு பிக்குவை நியமிப்பார்கள். அது விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் அவர் எறிய வேண்டும். மனிதரை எவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்!

இருந்தும், புத்தர் மறைந்து நூறாண்டில் வைசாலி நகரத்துப் பிக்குகள் வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி நடுவில் வைத்து, சங்கத்துக்குக் காசு போடுங்கள் என்றார்கள். யசர் என்ற பிக்கு, 'போடாதீர்கள்' என்று ஊராரைத் தடுத்தார். ஊரார் கேட்காமல் போட்டார்கள். மறுநாள் அந்தப் பிக்குகள் பங்கு பிரித்து யசருக்கும் ஒரு பங்கை நீட்டினார்கள், அவர் தொடவில்லை. இந்தப் பழக்கத்தோடு இன்னும் ஒன்பது பழக்கங்களையும் சேர்த்து விசாரிக்க 700 பிக்குகள் கூடி, தவறு என்று தீர்ப்புச் சொன்னதாக, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய நூல் கூறுகிறது.

தாய்லாந்தில் விரபோன் சுக்போன் என்ற பிக்கு 2013-ல் தனி விமானத்தில் சொகுசுப் பையோடு உட்கார்ந்திருந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 2018-ல் மோசடி உள்ளிட்ட வழக்கில் 114 ஆண்டுச் சிறைத் தண்டனை. அவரும் உழுது சேர்க்கவில்லை. பக்தர்கள் கொண்டுவந்து கொட்டியதுதான். யசர் தடுத்தும் கேட்காத அதே ஊரார்.

சட்டமும் கையைக் கட்டிக்கொண்டு இல்லை. துறவுக் காலத்தில் பிக்கு சேர்த்த சொத்து, அவர் இறந்தால் விகாரைக்குப் போகும் என்கிறது தாய்லாந்து சிவில் சட்டத்தின் 1623-ஆம் பிரிவு. உயிரோடு இருக்கும்போதே யாருக்காவது கொடுத்துவிட்டாலோ, உயில் எழுதி வைத்துவிட்டாலோ மட்டும் போகாது. கோடி சேர்த்தவர்கள் அந்தக் கடைசி வரியை நன்றாகவே படித்திருப்பார்கள்.