முதல் பெண் பல் டாக்டர் யாரு?

கேள்வி: உலகத்தோட முதல் பெண் பல் டாக்டர்னு ஒரு இடத்துல எமிலின் ஜோன்ஸ் பேரு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல லூசி ஹாப்ஸ்னு இருக்கு. எதுங்க சரி?

பதில்: ரெண்டுமே சரிதாங்க. காலேஜ்ல பட்டம் வாங்கின முதல் பெண் லூசி ஹாப்ஸ், அமெரிக்காவுல ஒஹையோ பல் மருத்துவக் கல்லூரியில 1866 பிப்ரவரியில வாங்கினாங்க. ஆனா 1855லயே கனெக்டிகட் மாநிலத்துல எமிலின் ராபர்ட்ஸ் ஜோன்ஸ் பேஷன்ட் பாக்க ஆரம்பிச்சாச்சு, பட்டம்னு எதுவும் கிடையாது.

எமிலின் வீட்டுக்காரர் டேனியல் ஜோன்ஸ் பல் டாக்டர். பொம்பளைங்க விரலுக்கு இந்த வேலை வராதுன்னு அடிச்சு சொன்னவர். இந்தம்மா அவர்கிட்ட மல்லுக்கு நிக்கல, அவர் புடுங்கிப்போட்ட பல்லையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு அவருக்குத் தெரியாம சொத்தைய அடைச்சு அடைச்சுப் பழகி, அப்படி அடைச்ச பல்லே நூத்துக்கணக்குல சேர்ந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நெறைஞ்சப்புறம்தான் அவர்கிட்ட காட்டினாங்க. அதுக்கு மேல அவர் என்ன சொல்ல முடியும், பேஷன்ட் பாக்க விட்டுட்டாரு. 1864ல அவர் இறந்துட்டாரு, கையில ரெண்டு புள்ளைங்க. கையோட எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு டென்டல் சேரோட ஊர் ஊராப் போய் வைத்தியம் பாத்து அதுங்கள வளர்த்தாங்க. அப்புறம் நியூ ஹேவன்ல செட்டில் ஆகி 1915 வரைக்கும் தொழில் பாத்திருக்காங்க, கணக்குப் போட்டா அறுபது வருஷம்! எனக்கு இந்த வரலாறுலயே ரொம்பப் பிடிச்சவங்க இவங்கதான்.

கேள்வி: பட்டம் இல்லாம எப்படி விட்டாங்க? லூசிக்கு மட்டும் காலேஜ்ல சீட் எப்படி கிடைச்சுது?

பதில்: உலகத்தோட முதல் பல் மருத்துவக் கல்லூரியே 1840லதான் பால்டிமோர்ல வந்துச்சு. அப்ப முக்காவாசிப் பேர் ஒரு டாக்டர்கிட்ட சேர்ந்து கூடவே நின்னு தொழில் கத்துக்கிட்டவங்கதான், அதனால ஆம்பளைங்களுக்கே பட்டம் பெரிய விஷயமா இல்ல.

லூசிக்கு சீட் லேசுல கிடைக்கல. டீச்சரா இருந்தவங்க, டாக்டருக்குப் படிக்கணும்னு சின்சினாட்டி வந்தாங்க, பொண்ணுன்னு மருத்துவக் கல்லூரியில சேத்துக்கல. சரி, பல் வைத்தியம் படிப்போம்னு ஒஹையோ பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனா அங்கயும் அதே பதில். அந்த பல் மருத்துவக் கல்லூரியோட டீன் ஜொனாதன் டாஃப்ட் தன்னோட கிளினிக்ல வெச்சு சொல்லிக்கொடுத்தாரு, அப்புறம் சாமுவேல் வார்டில்ங்கற டாக்டர்கிட்ட தொழில் பழகினாங்க. 1861ல சொந்தமா கிளினிக் போட்டு, பிறகு அயோவா போய் நல்ல பேர் எடுத்தாங்க. 1865ல அயோவா பல் மருத்துவர் சங்கமே இவங்கள மெம்பராக்கிடுச்சு. முன்னாடி கதவைச் சாத்தின அதே காலேஜ் அந்த வருஷம் நவம்பர்ல சேத்துக்கிச்சு, அதுவும் நேரா கடைசி வருஷத்துல! நாலு மாசத்துக்குள்ள பட்டம். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரருக்கும் இவங்களே தொழில் சொல்லிக்கொடுத்து, ரெண்டு பேரும் கான்சாஸ்ல சேர்ந்து கிளினிக் நடத்தினாங்க.

டாஃப்ட பத்தி இன்னொண்ணும் சொல்லணும். பின்னாடி ஐடா கிரேங்கற கறுப்பினப் பொண்ணு சின்ன வயசுலயே அவர் கிளினிக்ல வேலைக்குச் சேர்ந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1890ல பட்டம் வாங்கினாங்க, அமெரிக்காவோட முதல் கறுப்பினப் பெண் பல் டாக்டர். கல்லூரி விதியால முடியாதத தன் கிளினிக்ல செஞ்ச மனுஷன், அவரை மறக்கக்கூடாது.

கேள்வி: இங்கிலாந்துல?

பதில்: லில்லியன் மர்ரே. லண்டன்ல ஒரு பல் ஆஸ்பத்திரி டீன் இவங்கள உள்ளயே கூப்பிடாம நடைபாதையில நிக்க வெச்சு பேசி அனுப்பினாரு, உள்ள வந்தா ஆம்பளப் பசங்க கவனம் சிதறிடுமாம்! படிக்கிறதுக்காக எடின்பரோ போய் 1895ல பாஸ் பண்ணினாங்க, பிரிட்டன்ல தகுதி பெற்ற முதல் பெண் பல் டாக்டர். கல்யாணத்துக்கு அப்புறம் லில்லியன் லின்ட்சேன்னு பேரு. பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கத்தோட நூலகத்தை உருவாக்கினதும் இவங்கதான், 1946ல அந்த சங்கத்துக்கே முதல் பெண் தலைவரா வந்தாங்க.