ஐந்து வயதுப் பிள்ளையோடு பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் நடப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் பாரிசுக்கு வடக்கே லா கூர்நெவ்வில் இருக்கிறோம். ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். அம்மாவும் எங்களோடு இருக்கிறார், அவருக்கு முழங்கால் நோவு. கார் இல்லை. மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஞாயிறுகளில் ‘ரான்தொன்னே’ (நாட்டுப்புற நடை) போகிறார்கள் என்று கேட்டு, நாங்களும் போன நவம்பரில் ஒரு செயலியில் ‘இலகு’ என்று போட்டிருந்த 11 கிலோமீட்டர் பாதையில் இறங்கினோம். பாதி வழியில் சின்னவன் உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. இருட்டிய பிறகுதான் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். இனி எங்கே, எப்படித் தொடங்குவது? இதற்கென்று விலை கூடிய சப்பாத்து வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனும் அம்மாவும் நடக்க முடியாதவர்கள் அல்லர். பாதைதான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. செயலியும் வழிப்பலகையும் சொல்லும் ‘இலகு’, ‘மூன்று மணி நேரம்’ எல்லாம் மணிக்கு நாலு கிலோமீட்டர் போல நடக்கிற பெரியவர்களை மனதில் வைத்துச் சொன்னவை. ஐந்து வயதுப் பிள்ளை குச்சி பொறுக்கி, கல்லில் ஏறி, பூச்சி பார்த்து நடக்கிறது. அதற்கு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். ஏற்றம் இருந்தால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் உங்கள் 11 கிலோமீட்டர் தட்டையான பாதையாக இருந்திருந்தாலும் ஐந்தரை மணி நேரம். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. நவம்பரில் பாரிஸ் பக்கம் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைகிறது. இருட்டில் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே தூரத்தைப் பார்த்துப் பாதை தேடாதீர்கள். எத்தனை மணி நேரம் நடப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குத் தொடக்கத்தில் இரண்டு மணி நேர நடை போதும், அதாவது நாலு கிலோமீட்டர். சாப்பாட்டோடு அது அரை நாள் ஆகிவிடும். அடுத்தது, போய்ச் சேருமிடத்தில் ஏதாவது இருக்க வேண்டும்: கோட்டை, பாறை, ஆறு, வாத்துக் குளம், எதுவானாலும் சரி. ‘அழகான காட்சி’ பெரியவர்களுக்கு. பிள்ளைக்குத் தொடவும் ஏறவும் ஏதாவது வேண்டும்.

கார் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள். காரில் போனால் விட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ரயிலில் போனால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, நடந்து, வேறொரு ஸ்டேஷனில் ஏறலாம். பாரிஸ் வட்டாரப் போக்குவரத்தின் எல்லா வலயத்துக்கும் செல்லும் மாத நவிகோ அட்டை இருந்தால், நான் கீழே முதலில் சொல்லும் மூன்று இடங்களுக்குத் தனி டிக்கெட் தேவையில்லை.

முதல் முயற்சிக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. செவ்ரான்-லிவ்ரி ஸ்டேஷன் அருகில், ‘ஊர்க்’ (Ourcq) என்ற கால்வாயை ஒட்டிய புத்ரெரி காட்டுப் பூங்கா. ஒரு காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடம், இன்று மரங்கள் மூடிய பூங்கா. கால்வாய்க் கரை முழுக்கத் தட்டை. அம்மா விரும்பிய இடத்தில் திரும்பலாம், நீங்கள் பிள்ளைகளோடு இன்னும் கொஞ்சம் போய்விட்டு வரலாம். முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதை இங்கே அறிந்துகொள்வது நல்லது. ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்தும். நடைக்கோல் இரண்டு வாங்கிக் கொடுத்தால் பெரிய உதவி.

இரண்டாவதாக நான் மனதார சொல்வது ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு. உங்கள் லா கூர்நெவ் ஸ்டேஷனில் ஆர்இஆர் பி (RER B) ரயிலில் ஏறினால் மாறாமலே சுமார் ஒரு மணி நேரத்தில் அதன் தென்கோடி செயின்-ரெமி-லெ-ஷெவ்ரூஸில் இறங்கலாம். அதே பாதையில் ரொபின்சனுக்குப் போகும் ரயிலும் உண்டு, பலகையைப் பார்த்து ஏறுங்கள். வார இறுதிகளில் பாதை வேலை காரணமாக ரயில் நிற்பதும் உண்டு, முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். இறங்கிய பிறகு இவெத் ஆற்றை ஒட்டி ஷெவ்ரூஸ் ஊருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஊருக்குள் நீரோடையின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னப் பாலங்கள், ஓரத்தில் பழைய காலத்துத் துணி துவைக்கும் கொட்டில்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பாலத்திலும் நிற்பார்கள், நிற்கட்டும். ஊருக்கு மேலே குன்றில் மத்லேன் கோட்டை இருக்கிறது. ஏற்றம் செங்குத்துத்தான், ஆனால் குறுகியது. அம்மா கீழே ஊரில் ஒரு காபிக் கடையில் இருக்கட்டும், நீங்கள் பிள்ளைகளோடு ஏறி இறங்கி வாருங்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற பிடிவாதம்தான் பல நடைகளைக் கெடுக்கிறது.

சின்னவன் இதில் களைக்காமல் வந்துவிட்டால் அடுத்தது ஃபொந்தேன்ப்ளோ. பாரிசின் ‘கார் து லியோன்’ (Gare de Lyon) ரயில் நிலையத்திலிருந்து ஃபொந்தேன்ப்ளோ-அவோன் ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் போல. பிரான்சில் குடும்பத்தோடு நடக்க இதைவிட நல்ல காடு எனக்குத் தெரியாது. மணற்கல் பாறைகள் யானைக் கூட்டம் படுத்திருப்பது போலக் கிடக்கும். பிள்ளைகளை ‘நட’ என்று சொல்லவே வேண்டாம், அடுத்த பாறைக்கு அவர்களே ஓடுவார்கள். குளோத்-பிரான்சுவா தெனெக்கூர் என்ற பழைய நெப்போலிய வீரர் 1842-இல் இங்கே பொதுமக்களுக்காகப் பாதை அமைத்து அடையாளமிடத் தொடங்கினார். அவர் வழியில் வந்த நீலக் கோட்டுப் பாதைகள் இன்றும் இருக்கின்றன. அவர் பெயரிலுள்ள கோபுரத்துக்கு ஸ்டேஷனிலிருந்தே நடந்து போகலாம். முதல் நாளுக்கு அது போதும். ‘25 பொஸ்’ என்ற பெயரை இணையத்தில் எங்கும் பார்ப்பீர்கள். ஓயாமல் ஏறி இறங்கும் முழுநாள் பாதை அது, இப்போதைக்கு வேண்டாம். பாறைகளில் எண்ணோடு வரைந்த நிற அம்புகள் பாறை ஏறுவோருக்கானவை, அவற்றைப் பின்பற்றினால் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்பீர்கள்.

மற்ற இடங்களில் அடையாளம் எளிது. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் சில மணி நேரத்தில் முடியும் உள்ளூர்ப் பாதை. உங்களுக்குப் பெரும்பாலும் இதுதான். வெள்ளையும் சிவப்பும் என்றால் நாட்டின் நீண்ட பாதை, மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றும் பாதை. பெருக்கல் குறி போல இருந்தால் பிழையான வழி. மகளிடம் அடையாளம் தேடும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், அவள் முன்னால் நடப்பாள். பிரான்சின் தேசிய வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 வரைபடம் ஒன்றும் பையில் இருக்கட்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டர். போனில் சார்ஜ் போனாலும் காகிதம் கைவிடாது.

சப்பாத்து வாங்க வேண்டாம். அடிப்பக்கம் நல்ல பிடிப்புள்ள விளையாட்டுச் சப்பாத்து இந்த மூன்று இடங்களுக்கும் போதும். வளரும் காலுக்கு 80 யூரோ செலவழிப்பதை விட மாற்றுக் காலுறை, மழைக்கோட்டு, கூடுதல் தண்ணீர் எடுத்துப் போவது பயன். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு கிராமத்தில் பாண் வாங்கக் கூடக் கடை திறந்திருக்காது. தேநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள். காட்டுக்குள்ளும் அதைச் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் தீ மூட்டுவது சட்டப்படி தடை. சின்ன எரிவாயு அடுப்புக்கும் அதே சட்டம்தான். கழிப்பறை காட்டில் இருக்காது, ஸ்டேஷனிலோ காபிக் கடையிலோ முடித்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம் உண்ணி. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை புல்லிலும் புதரிலும் இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைத் தருகின்றன. நீளக் காற்சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, கக்கம், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் தேடுங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் பூசுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் கூடாது. பார்மசியில் ‘தீர்-தீக்’ என்று கேட்டால் சின்னக் கொக்கி கொடுப்பார்கள். அதைத் தோலோடு ஒட்டிச் செருகி, திருகி எடுத்து, அந்த இடத்தில் கிருமிநாசினி தடவுங்கள். தேதியைக் குறித்து வைத்து ஒரு மாதம் கவனியுங்கள். சிவப்பு வளையம் பரவினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் குணமாகும்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று பலகை கண்டால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அந்த மாதங்களில் எல்லோருக்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலங்கி போடுங்கள். குளிர்கால முடிவில் பைன் மரங்களுக்கு அடியில் வரிசையாக ஊரும் மயிர்க்கொட்டிகளை ஒருவரும் தொடக்கூடாது. அவற்றின் மயிர் தோலையும் கண்ணையும் மோசமாகத் தாக்கும். அவசர உதவிக்கு 112.

பிள்ளைகள் நடையில் ருசி கண்டுவிட்டால், கோடை விடுமுறைக்குத் தென் பிரான்சின் செவென் மலைப் பக்கம் யோசியுங்கள். அங்கே பல பண்ணைகளில் கழுதை வாடகைக்குக் கிடைக்கும். சுமார் 40 கிலோ சாமானை அது சுமக்கும், சில இடங்களில் களைத்த சின்னப் பிள்ளையை ஏற்றவும் விடுவார்கள். நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் கழுதையின் கயிற்றைப் பிடித்ததும் நாள் முழுக்க நடக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டுக்கு வசந்தத்திலேயே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது இரவில் தங்கும் இடத்தில் கீழ்த்தளப் படுக்கை அம்மாவுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.