சிறு குளத்தில் தூண்டில் போட்டி – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். இரண்டு வருடங்களாக ஃபிளை ஃபிஷிங் பழகிவருகிறேன். ஊரில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்ட கை இது. பூச்சி போலத் தோன்ற முள்ளில் இறகும் நூலும் சுற்றிய செயற்கை ஈயைக் கட்டி ஒழுங்காக வீசுவதற்கே ஒரு வருடம் பிடித்தது. நான் போகும் இடம் மூன்று ஏக்கர் குளம். பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட் மீன்களை வாங்கி அதில் விடுகிறார்கள். அடுத்த மாதம் அங்கே ஒரு போட்டி நடக்கிறது. குளத்தைப் பார்த்துக்கொள்பவர் என்னையும் பெயர் கொடுக்கச் சொல்கிறார்.

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆற்றில் மட்டுமே மீன் பிடிக்கும் நண்பர் ஒருவர், "வளர்த்து விட்ட மீனைப் பிடிப்பதில் என்ன போட்டி?" என்கிறார். போட்டியில் பிடித்த மீனை உடனே விட்டுவிட வேண்டுமாம். சாப்பிடவும் போவதில்லை என்றால் அதை எதற்கு வதைக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது முப்பது வருடப் பழக்கம் உள்ளவர்கள் நடுவில் நான் போய் நின்று என்ன செய்யப்போகிறேன்? நீங்கள் இத்தகைய போட்டிகளுக்குப் போவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நான் போகலாமா?

அன்புடன்,
எஸ்., லெஸ்டர்

*

அன்புள்ள எஸ்.,

போங்கள். இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடைசித் தயக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பழகியவர்கள் நடுவில் போய் நிற்பதற்காகத்தான் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

என் முதல் போட்டி ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை. பதினாறு பேர். கரையைச் சுற்றி எண் எழுதிய முளைகள் அடித்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 11 விழுந்தது. அவரவர் முளையில் இருபது நிமிடம் நின்று வீசவேண்டும். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே திசையில் அடுத்த முளைக்கு நகரவேண்டும். அன்று குளிரில் தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து, லைன் (வீசும் தூண்டில் கயிறு) ஓடாமல் அடைத்துக்கொண்டது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை கோலின் நுனியைத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு இடப்பக்க முளையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். நான் முழு பலத்தையும் கொடுத்து இருபத்தைந்து கெஜம் வீசிக்கொண்டிருந்தேன். அவர் பன்னிரண்டு கெஜத்தைத் தாண்டவே இல்லை. முதல் இருபது நிமிடத்தில் அவருக்கு நான்கு மீன்கள், எனக்கு ஒன்றும் இல்லை. நகர்ந்தோம். அடுத்த முளையிலும் அப்படியே. மூன்றாவது முளையில் நான் வீசுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

ஈ தண்ணீரில் விழுந்ததும் அவருடைய உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார். பதினான்கு வரை எண்ணிய பிறகுதான் இடது கை அசையத் தொடங்கியது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லைனைப் பற்றி, மற்ற விரல்களைக் கவிழ்த்து ஒரு சுருள், மறுபடி பற்றி இன்னொரு சுருள் என்று உள்ளங்கைக்குள் எட்டு வடிவில் சேர்த்துக்கொண்டே போனார். பூ கட்டுகிறவர்களின் விரல்களில் நார் ஓடுமே, அந்த மாதிரி ஓர் அவசரமில்லாத ஒழுங்கு. கண் கையில் இல்லை. லைன் தண்ணீருக்குள் நுழையும் இடத்தில் இருந்தது. அங்கே லைன் ஓர் அங்குலம் நேரானது. அவர் கோலை உயர்த்தினார். இன்னொரு மீன்.

மதிய இடைவேளையில் போய்க் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். அவருடைய லைன் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் அமிழும் வகை. பதினான்கு எண்ணினால் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. குளத்தின் ஆழம் ஒன்பதடி. குளிர்காலத்தில் மீன் அடியில்தான் கிடக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, வேகமாக அமிழும் லைனைப் போட்டு அடிமண்ணைத் துழாவிக்கொண்டிருந்தேன். மீன்களோ என் ஈக்கு ஆறேழு அடி மேலே நின்றிருக்கின்றன. "தூரத்தை விடு, முதலில் ஆழத்தைக் கண்டுபிடி. அதற்குப் பிறகு வேகம். நிறம் கடைசி" என்றார். பிற்பகலில் லைனை மாற்றி எண்ணத் தொடங்கினேன். மூன்று மீன்கள் கிடைத்தன. அவர் அப்போது முப்பது வரை எண்ணிக்கொண்டிருந்தார். மீன்கள் இறங்கிவிட்டதை எனக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் தெரிந்துகொண்டார்.

சாதாரண நாளில் நாம் யார் பக்கத்திலும் போய் நிற்பதில்லை. நின்றாலும் ஐந்து மணி நேரம் ஒருவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நமக்குப் பிடித்த மூலை ஒன்று இருக்கும், அங்கேயே போய் நிற்போம். போட்டி அதை விடாது. காற்று முகத்தில் அடிக்கும் கரை, கிளை தாழ்ந்த மூலை, ஒருநாளும் கால் வைக்காத மதகு ஓரம் என்று எல்லா இடத்திலும் நிற்க வைக்கும். அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டதை இரண்டு வருடம் தனியாக வீசிக் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி உங்கள் நண்பரின் கேள்வி. வளர்த்து விட்ட மீன்தான், உண்மை. ஆனால் ஆறு என்றாலே இயற்கை மீன் என்பதும் சரியில்லை. ஹாம்ப்ஷயரின் புகழ்பெற்ற டெஸ்ட் ஆற்றிலேயே பல பகுதிகளில் மீன் விடுகிறார்கள். ரெயின்போ டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரை மீன். பிரிட்டனுக்கு 1880களில் வந்தது. இதே மீனைத்தான் நீலகிரிக்கும் கொண்டுபோய், அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி வளர்த்தார்கள். ஊட்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். டெஸ்ட், இட்சன் போன்ற ஆறுகளில் ஒரு நாள் மீன் பிடிக்கும் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ரோம்ஸி அருகே டூ லேக்ஸில் அலெக்ஸ் பெரெண்டும், ஏவிங்டனில் சாம் ஹாலண்டும் சிறு குளங்களில் டிரவுட் வளர்த்துக் காட்டிய பிறகுதான் இப்படிப்பட்ட குளங்கள் நாடெங்கும் பரவின. நம்மைப் போன்றவர்கள் கையில் இந்தக் கோல் வந்ததில் அந்தக் குளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

குளத்து மீன் ஏமாளி என்பதும் முதல் அரை மணி நேரத்துக்குத்தான் பொருந்தும். காலையில் எல்லோரும் பிளாப் என்ற ஈயைக் கட்டியிருப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் உருண்டை, எந்தப் பூச்சியின் சாயலும் கிடையாது. மீன் பாய்ந்து வந்து எடுக்கும். பத்து மணிக்குள் பாதி மீன்கள் ஒருமுறை பிடிபட்டுத் திரும்பியிருக்கும். அதே பிளாபைக் கண்டால் பின்னாலேயே வந்து, கரை அருகில் திரும்பிவிடும். அதைக் கண்ணால் பார்க்கலாம். அப்போது மெலிந்த, கறுத்த ஈக்கு மாறத் தெரிந்தவர்தான் முந்துவார். பஸ்ஸர் என்பது கடிக்காத கொசுவினத்தின் கூட்டுப்புழுவைப் போலக் கட்டிய ஈ. இன்னொன்று டயல் பாக், வேல்ஸ் மொழியில் 'சின்னச் சாத்தான்' என்று பொருள். அதன் உடல் மயில்தோகை இழையைச் சுற்றியது. உங்களிடம் இந்த இரண்டும் நான்கு நான்கு இருந்தால் பிற்பகலுக்குப் போதும்.

உங்கள் வீட்டில் கேட்ட கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். மீனுக்கு வருத்தம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்த வருத்தத்தைக் குறைப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. முள்ளில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைத் திருப்பி விடும் போட்டிகளில் பெரும்பாலும் எதிர்முனை இல்லாத முள்ளைத்தான் அனுமதிப்பார்கள். கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள், உடம்பின் வழுவழுப்புப் படலம் போய்விட்டால் நோய் தொற்றும். முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். லைனின் நுனியில் ஈயைக் கட்டும் நரம்பு மிக மெல்லியதாக வேண்டாம். மெலிந்த நரம்பில் மீனை நெடுநேரம் அலையவிட்டால் அது களைத்துச் செத்துப்போகும். நுரைக் கண் வைத்த பூபி ஈயை அசைக்காமல் போட்டுவைத்தால் மீன் தொண்டை வரை விழுங்கிவிடும், பல குளங்களில் அதற்குத் தடை உண்டு. தண்ணீரின் வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால், போட்டியே நடந்தாலும் நீங்கள் கோலை மடக்கிவிடுங்கள். ஒருமுறை ஒரு போட்டியாளர் நேரம் மிச்சம் என்று மீனைப் புல்லில் இழுத்துப் போட்டுக் கழற்றியதைப் பார்த்தேன். நடத்தியவரிடம் போய்ச் சொன்னேன். நீங்களும் சொல்லத் தயங்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், மீனை எடுத்து எடை போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகும் போட்டிகளும் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் வான்கோழியும் காட்டுக்கோழியும் பரிசாகத் தரும் போட்டிகள் உண்டு. அங்கே போங்கள், மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது.

சாமான்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டு கோல் இருந்தால் ஒன்றில் மிதக்கும் லைன், இன்னொன்றில் மெல்ல அமிழும் லைன் மாட்டிவையுங்கள். கண்ணாடி கட்டாயம், பக்கத்து முளைக்காரரின் ஈ எப்படியும் பறக்கும். அரசின் தூண்டில் உரிமம் தனியார் குளத்துக்கும் வேண்டும், மறந்துவிடாதீர்கள். புள்ளிக் கணக்கு எளிது. உலகப் போட்டியில் ஒரு மீனுக்கு 100 புள்ளி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 20 புள்ளி என்று அளவுகோல் வைத்து அளப்பார்கள். சிறு குளத்தில் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும்தான். பக்கத்தில் இருப்பவர் உங்கள் அட்டையில் கோடு போடுவார், நீங்கள் அவருடையதில் போடுவீர்கள். அப்படிக் கோடு போடும்போதுதான் அவர் எத்தனை வரை எண்ணுகிறார் என்று உதட்டைப் பார்க்க வேண்டும்.

சீட்டில் எந்த முளை விழுந்தது என்று எழுதுங்கள். முதல் மீன் எத்தனையாவது எண்ணிக்கையில் வந்தது என்பதையும்.

அன்புடன்