வாசகர் கேள்வி–பதில்: ஆய்வுகூட அலுமாரியில் எதன் பக்கத்தில் எது?

கேள்வி: எங்கள் பாடசாலை ஆய்வுகூடக் களஞ்சிய அறையில் இரசாயனப் போத்தல்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறோம். தேடி எடுக்க இலகு. 12.5 கிலோ காஸ் சிலிண்டரையும் களவு போகாமல் அங்கேயே பூட்டி வைக்கிறோம். இதில் பிழை உண்டா?
– ஆய்வுகூட உதவியாளர், தெகிவளை

பதில்: இரண்டும் பிழை, உடனே மாற்றுங்கள்.

உங்கள் 'எச்' தட்டில் ஐதரோகுளோரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் அருகருகே நிற்கும். ஒழுகிக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 'எஸ்' தட்டில் சோடியமும் சல்பூரிக் அமிலமும். 'ஏ' தட்டில் எரியக்கூடிய அசற்றோனும், எரிவதைத் தூண்டும் அமோனியம் நைத்திரேற்றும். முதலில் வகை பிரியுங்கள். வகைக்குள் அகரவரிசை இருந்துவிட்டுப் போகட்டும்.

அசற்றோன், எதனோல் எல்லாம் இரும்பு அலுமாரிக்குள். செறிந்த அசற்றிக் அமிலமும் அங்கேதான். பெயரில் அமிலம் என்றாலும் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். மற்ற அமிலங்களைக் கீழ்த்தட்டில், பிளாஸ்ரிக் தட்டங்களுக்குள் வையுங்கள். 2.5 லீற்றர் போத்தல் உடைந்தால் முழுவதையும் தாங்கும் ஆழம் வேண்டும். நைத்திரிக் அமிலத்துக்குத் தனித் தட்டம் கட்டாயம்: மரத்தூளிலோ எதனோலிலோ பட்டால் நெருப்புக்குச்சி இல்லாமலே தீ மூளலாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலும் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கொள்கலனிலிருந்து அது கசிந்ததும் தெரிந்தே இருந்தது.

அமிலப் போத்தல்களின் கழுத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? அது அமோனியம் குளோரைட்டு. அமோனியாப் போத்தலின் ஆவியும் ஐதரோகுளோரிக் அமில ஆவியும் மூடி வழியே வந்து கலக்கின்றன என்று அர்த்தம். அமோனியாவை வேறு அலுமாரிக்கு மாற்றுங்கள்.

அதே அமில ஆவிதான் சிலிண்டரின் பித்தளை வால்வையும் ரெகுலேற்றரையும் அரிக்கும். பச்சைக் கறை கண்டால் ரெகுலேற்றரை மாற்றிவிடுங்கள். வால்வில் என்றால் சிலிண்டரையே திருப்பிக் கொடுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு பரவி, காற்றோட்டமில்லாத அறையில் தேங்கி நிற்கும், சுவிட்சின் பொறி ஒன்றே போதும். கட்டடத்துக்கு வெளியே, நிழலில், காணுக்கும் வடிகாலுக்கும் தள்ளி, பூட்டிய கம்பிக்கூட்டுக்குள் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியே வரும். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. வெறும் சிலிண்டரின் வால்வும் மூடியே இருக்க வேண்டும்.

கேள்வி: ஈதரை வீட்டுப் பிரிட்ஜில் வைக்கலாமா?
– பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: கூடவே கூடாது. ஈதரின் ஆவி நீரின் உறைநிலைக்கு மிகக் கீழேயும் தீப்பிடிக்கும். பிரிட்ஜின் விளக்குச் சுவிட்சும் தேமோஸ்ரற்றும் பொறி தட்டும். உள்ளே பொறி எழாத ஆய்வுகூடப் பிரிட்ஜ் தேவை. திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள், காரணம் காற்றுப்பட்ட ஈதரில் வெடிக்கும் பேரொட்சைட்டு உருவாகும். மூடியைச் சுற்றிப் பளிங்குகள் தெரிந்தால் திறக்கவோ அசைக்கவோ வேண்டாம்; அறையைப் பூட்டிவிட்டுப் பொறுப்பாளருக்கு அறிவியுங்கள்.