வாசகர் கேள்வி பதில்: ஓடுற பைக்ல எடுத்தா படம் ஏன் கலங்குது?

கேள்வி: வணக்கம்ங்ணா. என்கிட்ட இருக்கறது 350 சிசி ஒத்த சிலிண்டர் வண்டி, ஹேண்டில்பார்ல பழைய ஆக்‌ஷன் கேமரா ஒண்ணு மாட்டியிருக்கேன். மே மாசம் தனுஷ்கோடி போனப்ப அரிச்சல்முனை ரோட்டுல எடுத்த போட்டோ எல்லாம் பளிச்சுன்னு வந்துச்சுங்க. அதே கேமராவோட ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறுனேன், மரம் செடியெல்லாம் ஈரக்கையில தேச்ச கோலம் மாதிரி இருக்குது, ஒண்ணு கூட தேறலைங்க. கேமரா போயிடுச்சு, புதுசு வாங்குங்கறாரு கடைக்காரர். 40,000 ரூபா எடுத்து வச்சிருக்கேன். ஓட்டிட்டே எடுத்தாலும் ஷார்ப்பா வர்ற கேமரா எதுங்ணா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, உங்க கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. தனுஷ்கோடிக்கும் வால்பாறைக்கும் நடுவுல மாறுனது வெளிச்சம் மட்டும்தான். பணத்த எடுக்குறதுக்கு முன்னாடி இத மட்டும் நிதானமா படிங்க, ஏன்னா இது புரியாம எத்தன கேமரா மாத்துனாலும் அந்தக் காட்டுக்குள்ள போனதும் அதே கலங்கல்தான் வரும்.

பழைய போட்டோகிராபர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயில்ல லென்ஸ் துவாரம் எஃப்/16 (எண்ணு பெருசானா துவாரம் சின்னது), ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு, 100 வச்சா ஷட்டர் தெறந்திருக்குற நேரம் 1/100 செகண்டு. உங்க மாதிரி பழைய ஆக்‌ஷன் கேமரா நெறையத்துல துவாரம் எஃப்/2.8, அத சுருக்கவும் முடியாது விரிக்கவும் முடியாது. எஃப்/16-க்கு பதிலா எஃப்/2.8-னா 32 மடங்கு வெளிச்சம் உள்ள வருது, அப்ப அதே வெயில்ல கேமரா தானாவே 1/3200 கிட்ட போய் நிக்கும். அரிச்சல்முனையில ரெண்டு பக்கமும் கடல், மணல், மேல மொட்ட வெயில், நீங்க ஒண்ணும் செய்யாமலே உங்களுக்கு 1/3200 கெடச்சிருக்கு. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி கொண்டை ஊசி வளைவுல ஏற ஏற மரம் மூடிக்கும், அங்க வெளிச்சம் பத்துல ஒரு பங்கு, சில எடத்துல அதுக்கும் கீழ. கேமராவுக்கு நீங்க பைக்ல இருக்கீங்கன்னு தெரியாதுல்ல, அது ஐஎஸ்ஓ-வ ஏத்துனா புள்ளி புள்ளியா வருமேன்னு ஷட்டர எறக்கிடுது, அதாவது அதிக நேரம் தெறந்து வைக்குது, 1/200, 1/100, சாயங்காலம்னா 1/60.

இப்ப வண்டியப் பாருங்க. 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 16.7 மீட்டர். 1/100-ல ஷட்டர் தெறந்து மூடுறதுக்குள்ள வண்டி 17 சென்டிமீட்டர் போயிருக்கும், 1/1000-ல ஒன்றரை சென்டிமீட்டர சொச்சம், அவ்ளோதான். தூரத்து மலைக்கு இந்த 17 சென்டிமீட்டர் ஒண்ணுமே இல்ல, அதனாலதான் மலை ஷார்ப்பா இருந்து பக்கத்து மரம் மட்டும் இழுத்துக்கிட்டு போகுது. இதுக்கு மேல இன்ஜின் அதிர்வு வேற. 4000 ஆர்பிஎம்-ல ஓடுதுன்னா செகண்டுக்கு 67 சுத்து, ஒத்த சிலிண்டர்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குலுக்கு. ஷட்டர் 1/60-னா ஒரு முழுக் குலுக்கலும் படத்துக்குள்ள வந்து உக்காந்துக்கும், 1/1000-னா அந்தக் குலுக்கல்ல பதினஞ்சுல ஒரு பங்குதான் வரும். மலையும் சேந்து கலங்கியிருந்தா அது இந்த அதிர்வோட வேல.

அதனால மொதல்ல செய்ய வேண்டியது செட்டிங். போட்டோ மோடுல ஷட்டர நாமளே வைக்கலாம்னா 1/1000-க்கு கீழ எறங்க விடாதீங்க. பல கேமராவுல அது இருக்காது, ஆனா குறைஞ்சபட்ச ஐஎஸ்ஓ-னு ஒண்ணு இருக்கும், அத 400 இல்ல 800-னு ஏத்தி வைங்க, மேல் வரம்ப 1600-ல நிறுத்துங்க. ஐஎஸ்ஓ கீழ எறங்க வழியில்லாதப்ப கேமரா வேற வழியில்லாம ஷட்டர வேகமாக்கும். புள்ளி கொஞ்சம் வரும்தான், வரட்டும், புள்ளிய அப்புறமா கொறச்சுக்கலாம், கலங்குன படத்த எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா மீட்க முடியாது. லென்ஸ் மேல என்டி ஃபில்டர் போட்டிருந்தீங்கன்னா கழட்டிடுங்க, அது வீடியோவுக்காக வேணும்னே ஷட்டர மெதுவாக்குற கறுப்புக் கண்ணாடி, போட்டோவுக்கு நமக்கு எதிரி.

ரெண்டாவது, கேமராவ ஹேண்டில்பார்ல இருந்து எறக்குங்க, ஒத்த சிலிண்டர் வண்டியில அதிர்வு பளிச்சுன்னு தெரியுற எடம் அது. கிராஷ் கார்டுலயும் மாட்டாதீங்க. நீள ஸ்டிக்ல மாட்டுனா இன்னும் ஆடும். மனுஷ உடம்ப விட நல்ல ஷாக் அப்சார்பர் கெடையாது தம்பி, சீட்டு, இடுப்பு, முதுகுன்னு அதிர்வு மேல வர்றதுக்குள்ள பாதிக்கு மேல செத்துடும். நெஞ்சுல கட்டுற ஹார்னஸ் வாங்குங்க, உங்க வண்டி நிமுந்து உக்காந்து ஓட்டுற வண்டி, அதனால அதுக்கு ரொம்பப் பொருத்தம், ஹேண்டில்பாரும் ரோடும் சேந்து விழும். குனிஞ்சு ஓட்டுற ஸ்போர்ட்ஸ் பைக்னா டேங்க் மட்டும்தான் தெரியும், அவங்களுக்கு இது வேணாம். ஹெல்மெட் தாடைப் பகுதியில மாட்டுறதுதான் கண்ணு பாக்குற மாதிரியே வரும், ஆனா கேரளாவுல மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட் கேமராவுக்கு எதிரா 2022-லயே நடவடிக்கை அறிவிச்சது, வால்பாறையில இருந்து மழுக்குப்பாறை வழியா அதிரப்பள்ளிக்கு எறங்குற பழக்கம் இருந்தா இத மனசுல வைங்க.

மூணாவது, பட்டன அமுக்க கைய எடுக்கவே எடுக்காதீங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு படம்னு இன்டர்வல் மோடுல போட்டுட்டு மறந்துடுங்க. ஒரு மணி நேரத்துக்கு 1800 படம் வரும், 60-ல போனா 33 மீட்டருக்கு ஒண்ணு, அதுல பத்து தேறுனா போதும், அந்தப் பத்தும் நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தப்ப வந்த படம்.

இவ்வளவும் செஞ்சு ஒருதடவ வால்பாறை ஏறிட்டு வாங்க. அப்பவும் போதலைன்னா புதுசு வாங்குங்க, அப்ப மெகாபிக்சல பாக்காதீங்க, சென்சார், அதாவது வெளிச்சத்தப் புடிக்கிற சில்லு, அதோட அளவ பாருங்க. பழைய ஆக்‌ஷன் கேமராக்கள்ல சென்சார் 1/2.3 இஞ்ச், 2023-ல வந்த டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-ல 1/1.3 இஞ்ச், பரப்பளவுல ரெண்டு மடங்குக்கு மேல. காட்டு நெழல்ல அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஐஎஸ்ஓ 1600-லயும் இலை இலையா நிக்கும். கடையிலயே மெனுவத் தெறந்து ஷட்டர், ஐஎஸ்ஓ ரெண்டையும் நம்மால கட்டுப்படுத்த முடியுதான்னு பாத்துட்டு பணத்தக் கொடுங்க. ஸ்டெபிலைசேஷன் பிரமாதம்னு பெட்டி மேல போட்டிருப்பாங்க, அது வீடியோவுல ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவுல இருக்குற ஆட்டத்த நேர் பண்ணுறது, ஒரே படத்துக்குள்ள விழுந்த கலங்கல அது தொடாது. இந்த ஒரு விஷயத்துல ஏமாந்தவங்க நெறையப் பேர நான் பாத்திருக்கேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

கேள்வி: சார், வீட்டுக்காரர் பைக் ஓட்டுவாரு, நான் பின்னாடி உக்காந்து போன்ல படம் எடுப்பேன். ஆரல்வாய்மொழி பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடிகள எடுத்தா காத்தாடி நல்லா வருது, ஆனா பக்கத்துல இருக்குற கரண்டுக் கம்பமெல்லாம் சாஞ்சு விழுற மாதிரி வருது. போன் கோளாறா? எனக்குன்னு சின்னக் கேமரா வாங்கணும்னு ரொம்ப நாள் ஆச.
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கோளாறு இல்லம்மா. போன் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்துல புடிக்கிறதில்ல, மேல இருந்து கீழ வரிவரியா படிச்சுக்கிட்டு வரும். கடைசி வரிய படிக்கிறதுக்குள்ள வண்டி கொஞ்சம் நகந்துடுது, அதனால கம்பத்தோட தலை ஒரு எடத்துலயும் கால் ஒரு எடத்துலயும் விழுது, நேர்க் கம்பம் சாஞ்சுடுது. இதுக்கு ரோலிங் ஷட்டர்னு பேரு. ஷட்டர் ஸ்பீட எவ்ளோ ஏத்துனாலும் இது போகாது, கம்பம் ஷார்ப்பா சாஞ்சு நிக்கும், அவ்ளோதான். எல்லா வரியையும் ஒரே நேரத்துல படிக்கிற குளோபல் ஷட்டரோட 2023 கடைசியில சோனி ஏ9 மூணாவது மாடல் அறிவிச்சாங்க, ஃபுல் ஃபிரேம்ல, அதாவது பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார்ல, அதுதான் மொதல் கேமரா, ஆனா அது தொழில்முறைக்காரங்க சமாச்சாரம், நமக்கு அது வேணாம். நேரா பக்கவாட்டுல எடுக்காம முன்பக்கமா சாச்சு எடுங்க, வீட்டுக்காரர் தோளுக்கு மேல ரோடு போற திசையில, சாயுறது ரொம்பக் கொறஞ்சுடும்.

சின்னக் கேமரான்னா மெக்கானிக்கல் ஷட்டர் இருக்குறதா பாத்து வாங்குங்க, அதுல கம்பம் இப்படி சாயாது. எனக்கு மனசுக்குப் புடிச்சது ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரியோட 257 கிராம்தான், சென்சார் பெருசு, அகலமான 28 எம்எம் பார்வை. அதுல ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, 2.5 மீட்டர், 5 மீட்டர்னு தூரத்த முன்கூட்டியே சொல்லி வச்சுட்டா பட்டன ஒரே அமுக்கா அமுக்குனதும் ஃபோகஸ் தேடாம எடுத்துடும், ஆடுற வண்டியில இது பெரிய வரம். கொறைன்னா தூசி, தண்ணிக்கு பாதுகாப்பு கெடையாது, விலையும் அதிகம். மழையும் மணலும் அதிகம்னா ஓஎம் சிஸ்டம் டிஜி-7 பாருங்க, 15 மீட்டர் தண்ணிக்குள்ள போனாலும் தாங்கும், ஆனா சென்சார் சின்னது, மங்குன வெளிச்சத்துல திணறும்.

எது வாங்குனாலும் கழுத்து வாரோ மணிக்கட்டு வாரோ போட்டுக்குங்க, ஒரு கை எப்பவும் வண்டியப் புடிச்சிருக்கட்டும், முழங்கைய உங்க விலாவோட ஒட்டி வைங்க, அவரு முதுகுல ஊன்ற வேணாம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து லாரியையே உலுக்குற காத்து, ஆடி மாசத்துல அங்க கைய நீட்டி எடுக்கவே எடுக்காதீங்க. அதுவரைக்கும் போன்லயே புரோ மோடுல 1/1000 வச்சு, ஜூம் பண்ணாம ஒண்ணு எக்ஸ்லயே எடுங்க.

கேள்வி: அண்ணா நான் காலேஜ் படிக்கிறேன், கேமரா வாங்க வசதியில்ல. போன ஹேண்டில்பார் ஹோல்டர்ல மாட்டி எடுக்கலாமா? இல்ல வீடியோ ஓட விட்டு அதுல இருந்து போட்டோ எடுத்துக்கலாமா?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: போன ஹேண்டில்பார்ல மாட்டாத தம்பி. நல்ல போன்கள்ல லென்ஸ காந்தத்தால நகத்தி ஆட்டத்த சரி பண்ற ஓஐஎஸ்-னு ஒரு ஏற்பாடு இருக்கு, விடாம வர்ற இன்ஜின் அதிர்வு அதக் கெடுத்துடலாம். ஆப்பிளே 2021-ல, சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள்ல ஐபோன மாட்டாதீங்கன்னு எழுதிப் போட்டாங்க, மொபெட், ஸ்கூட்டர் மாதிரி சின்ன இன்ஜின் வண்டியில மாட்டுனாலும் அதிர்வு தடுக்குற மவுண்ட் போடச் சொன்னாங்க. என் தம்பி ஒருத்தன் மேப் பாக்க மாட்டி வச்ச போன் ஆறே மாசத்துல ஃபோகஸ் ஆகாமப் போச்சு, கேமராவத் தெறந்தாலே படம் நடுங்கும்.

வீடியோல இருந்து எடுக்குறது நல்ல யோசன, நானும் செய்றேன். 4கே வீடியோவுல ஒரு ஃபிரேம் 3840-க்கு 2160, அதாவது 8.3 மெகாபிக்சல், ஏ4 பிரின்ட்டுக்கு கிட்டத்தட்ட சரியா இருக்கும், 4-க்கு 6 இஞ்ச் பிரின்ட்டுக்கு அதுல கால்பங்கே போதும். ஆனா பகல் வெளிச்சத்துல எடு, முடிஞ்சா ஷட்டர 1/1000-ல பூட்டிட்டு எடு, வீடியோ கொஞ்சம் வெட்டு வெட்டாத் தெரியும், ஃபிரேம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஷார்ப்பா இருக்கும். செகண்ட்ஹேண்ட் ஆக்‌ஷன் கேமரா ஒண்ணு தேடிப் பாரு, பேட்டரி உப்பியிருக்கான்னு கழட்டிப் பாரு, கதவோட ரப்பர் வெடிச்சிருக்கா, லென்ஸ் கண்ணாடியில கீறல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு.

ஓட்டிக்கிட்டே போனக் கையில புடிச்சு எடுக்குற நெனப்பு இருந்தா விட்டுடு. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல அது ஆபத்தான ஓட்டுதல், மொதத் தடவைக்கே 1000-ல இருந்து 5000 ரூபா வரைக்கும் அபராதம், ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஜெயில், இல்ல ரெண்டும். உன் வயசுல ஒரு பையன் எனக்கும் இருக்கான், அதனால சொல்றேன்.

கேள்வி: முதுமலை, பந்திப்பூர் வழியா மைசூர் போறோம். மான், யானை வந்தா நிறுத்தி எடுக்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நிறுத்தக் கூடாதுங்க, காட்டுக்குள்ள வண்டிய நிறுத்துறதுக்கும் எறங்குறதுக்கும் தடை. பந்திப்பூர் பக்கம் ராத்திரி 9-ல இருந்து காலையில 6 வரைக்கும் போக்குவரத்தும் கெடையாது. நெஞ்சுல இன்டர்வல் மோடுல கேமரா ஓடட்டும், மெதுவா போங்க, மானு கூட்டமா நின்னா அதுல விழுந்துடும். காலையில 6 மணிக்கு செக்போஸ்ட்ல தெறந்ததும் போறீங்கன்னா வெளிச்சம் பத்தாது, குறைஞ்சபட்ச ஐஎஸ்ஓ-வ 1600-க்கு ஏத்தி வைங்க, ஒரு ஏழரைக்கு மேல திரும்ப 400-க்கு எறக்கிக்கலாம். யானை ரோட்டத் தாண்டுனா நல்ல தூரம் விட்டு ஓரமா நின்னு, இன்ஜின அணைக்காம, ஹாரன் அடிக்காம, அது போற வரைக்கும் காத்திருங்க.