லாரி பெரிதானால் கஜானா நிரம்புமா? 'ரெட் அலர்ட்' வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: 1996-ல் வெளிவந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்: ரெட் அலர்ட்' என்ற கணினிப் போர் விளையாட்டைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி ஆடுகிறேன். தாதுவை அள்ளி வந்து பணமாக்கும் லாரிகள் இரண்டு ஓடியும் டாங்கி கட்டும் நேரத்தில் பணம் தீர்ந்துவிடுகிறது. ஒரு கோப்பைத் திருத்தி லாரியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? பின்னணி இசையை மாற்ற முடியுமா? ஆடுவதைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினால் இசையால் சிக்கல் வருமா?

பதில்: கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஆட்டத்தில் போரை மறந்துவிட்டு, ஒரே ஒரு லாரியை மட்டும் போக வர ஒரு முழு நடை கவனியுங்கள். வயலில் அள்ளும் நேரம், திரும்பி வரும் நேரம், சுத்திகரிப்பு ஆலை வாசலில் காத்து நிற்கும் நேரம், கொட்டும் நேரம் என்று நான்காகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானோருக்குப் பணம் ஒழுகுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். லாரியின் கொள்ளளவை எவ்வளவு கூட்டினாலும் ஒரு நடைக்கு ஆகும் இந்த இரண்டு நேரமும் குறையாது.

கணக்கு எளிது. ஒரு லாரி 28 பொதி ஏற்றும். சாதாரணத் தாது பொதிக்கு 25 வீதம் முழுச் சுமைக்கு 700. ரத்தினக் கற்கள் பொதிக்கு 50 வீதம் 1400. சோவியத் தரப்பின் கனரக டாங்கி ஒன்றின் விலை 950. ஆக ஒரு நடைத் தாதுவில் ஒரு டாங்கிகூட முழுதாகத் தேறாது. தவிர, இந்த விளையாட்டில் விலை மொத்தமாகக் கழிவதில்லை. கட்டக் கட்டச் சொட்டுச் சொட்டாகக் கழிகிறது. காலாட்படை, கட்டடம், டாங்கி மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மூன்றுமே பாதியில் இழுத்துக்கொண்டு நிற்கும். கையில் பணம் குறைவாக இருக்கும்போது இரண்டை நிறுத்திவைத்து ஒன்றை முடிப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்து ஆலையின் இடம். லாரி ஆலையின் கீழ்ப்புறமாக வந்துதான் சுமையை இறக்கும். அந்த முகப்பில் மதில் எழுப்பினாலோ, டாங்கிகளைக் குவித்து வைத்தாலோ, லாரி சுற்றி வளைத்துத் தடுமாறும். ஒரு நேரத்தில் ஒரு லாரிக்குத்தான் இடம். மற்றது வெளியே நிற்க வேண்டியதுதான். ஓர் ஆலைக்கு இரண்டு லாரி என்பது சரியான அளவு, வயல் அருகில் இருந்தால். தொலைவில் இருந்தால் மூன்றாவது லாரி வாங்குவதைவிட, வயலை ஒட்டி இரண்டாவது ஆலை கட்டுவதே மேல். தனி லாரி 1400. ஆலை 2000, அதனுடன் ஒரு லாரி இலவசமாக வருகிறது. 600 கூடுதலுக்கு ஓர் ஆலை கிடைக்கிறது என்று பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சேமிப்பையும் மறந்துவிடாதீர்கள். ஆலை 2000 வரைதான் தாங்கும். 150 கொடுத்துக் கட்டும் சைலோ என்ற தாதுக் கிடங்கு 1500 தாங்கும். இடமில்லாமல் கொட்டும் தாது வீண். ஆலை தகர்ந்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். ஆனால் தொடக்கத்தில் கையில் கொடுத்த பணம் இந்தக் கணக்கில் சேராது. அதற்குச் சைலோ தேவையில்லை. செலவும் முதலில் தாதுக் கணக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. நேச நாட்டுத் தரப்புக்கு எதிராக ஆடும்போது 'திருடன்' என்ற காலாள் ஆலைக்குள் நுழைந்து பணத்தைக் கிளப்பிக்கொண்டு போவான் என்பதையும் நினைவில் வையுங்கள். நாய் ஒன்றைக் காவலுக்கு விடுவது போதும்.

வயலை ஒட்ட வழித்துவிடாதீர்கள் என்பது இன்னொரு பாடம். அடர்ந்த தாதுக் கட்டம்தான் பக்கத்துக் கட்டத்துக்குப் பரவும். ரத்தினங்களோ வளர்வதே இல்லை. லாரியை அதன் போக்கில் விட்டால் அருகில் உள்ளதைச் சுரண்டி முடித்துவிட்டுத் தொலைவுக்குப் போகும், எதிரியின் வயலுக்கே போய் நிற்பதும் உண்டு. அவ்வப்போது நீங்களே இடம் காட்ட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணை மாற்றத் தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். இந்த விளையாட்டின் அழகே அதுதான்: விலை, வேகம், கவசம் எல்லாம் 'ரூல்ஸ்' என்ற சாதாரண உரைக் கோப்பில் இருக்கின்றன. 'ரெட்அலர்ட்' என்ற பெரிய மிக்ஸ் பொதிக்குள் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைத்த கோப்பு), 'லோக்கல்' என்ற இன்னொரு மிக்ஸ் பொதிக்குள் அது கிடக்கிறது. எக்ஸ்சிசி மிக்ஸர் போன்ற கருவியால் பிரித்தெடுத்து, நோட்பேடில் திருத்தி, விளையாட்டு நிறுவிய கோப்புறையிலேயே வைத்தால் பொதிக்குள் இருப்பதைவிட இதற்கே முன்னுரிமை. வேண்டாமென்றால் அழித்துவிடலாம், மூலம் பத்திரமாக இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வது, லாரி எத்தனை பொதி ஏற்றும் என்று குறிக்கும் 'பெயில்கவுன்ட்' என்ற வரியை. 28-ஐ 56 ஆக்கினால் லாரி வயலில் இரு மடங்கு நேரம் நிற்கும், வழியில் வெடித்தால் இரு மடங்கு நட்டம். நடைகள் குறைவதால் போக வர ஆகும் நேரம்தான் மிச்சம். வயலில் உள்ள மொத்தச் செல்வம் ஒரு காசும் கூடாது. அதற்கு மாறாக தாதுப் பொதியின் விலையைக் குறிக்கும் 'கோல்ட்வேல்யூ' வரியில் 25-ஐ 50 ஆக்கினால் ஒவ்வொரு பொதியும் இரட்டை விலை பெறும். ஆனால் ஒரு நடைக்கு 1400 வந்தால், செலவழிக்காத ஆலை இரண்டாவது நடையிலேயே நிரம்பி வழியும். சைலோ கட்ட மறந்தவருக்குப் பாதி வீண். இரண்டு மாற்றமும் எதிரிக் கணினிக்கும் சேர்த்துத்தான். என் யோசனை, 25-ஐ 30 ஆக்கி ஆடிப் பாருங்கள். ஒரே நேரத்தில் பத்து எண்களை மாற்றுபவருக்கு எது எதனால் கெட்டது என்று கடைசி வரை தெரியாது.

நண்பருடன் வலையில் ஆடினால் இருவரிடமும் ஒரே கோப்பு இருக்க வேண்டும். இந்த வகை விளையாட்டுகள் படைகளின் நிலையை அனுப்புவதில்லை. கட்டளைகளை மட்டும் பரிமாறிக்கொண்டு, அவரவர் கணினியில் ஒரே கணக்கைப் போடுகின்றன. ஓர் எண் வேறுபட்டாலும் ஆட்டம் ஒத்திசைவை இழந்து அறுந்துவிடும். ஒரு வரைபடத்துக்கு மட்டும் மாற்றம் வேண்டுமென்றால், அந்த வரைபடக் கோப்பின் உள்ளேயே அதே வரிகளை எழுதலாம். அது சுத்தமான வழி. நீங்கள் ஆடுவது ஆர்வலர்கள் மறுஆக்கம் செய்த ஓப்பன்ஆர்ஏ என்றால் கதை வேறு: அங்கே விதிகள் யாமல் என்ற வேறு வகை உரைக் கோப்புகளில் இருக்கும், எண்களும் மூலத்தோடு அப்படியே பொருந்தாது. 2020 ஜூனில் வந்த ரீமாஸ்டர் (புதுப்பித்த) பதிப்பில் மாட்களுக்கென்றே, அதாவது ஆடுபவர்கள் செய்யும் மாற்றங்களுக்கென்றே, ஏற்பாடு உண்டு.

இசைக்கு வருவோம். இந்த விளையாட்டின் இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கியின் 'ஹெல் மார்ச்' பாடலின் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டபடி ஆடுவதை விட்டுவிட்டு வேறு இசையா என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் விருப்பம் உங்களுடையது. பாடல்கள் 'ஸ்கோர்ஸ்' மிக்ஸ் பொதிக்குள் ஏயுடி என்ற ஒலிக்கோப்பு வடிவில் இருக்கின்றன. ஹெல் மார்ச்சின் கோப்புப் பெயர் 'ஹெல்226எம்'. உங்கள் இசையை 22,050 ஹெர்ட்ஸ் மோனோவாக்கி (ஒற்றைத் தட ஒலி), ஏயுடியாக மாற்றி, அதே பெயரில் வைக்க வேண்டும். விளையாட்டின் பட்டியலில் பழைய பெயரே தெரியும், அது பிழையல்ல.

யூடியூப் விஷயத்தில் ஒரு குழப்பம் பரவலாக உண்டு. 2008-ல் ரெட் அலர்ட் இலவசமாக வழங்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் அதன் மூல நிரல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியானது. இரண்டும் இசையின் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. நிரல் திறந்தது, பாடலும் ஓவியமும் திறக்கவில்லை. எனவே உரிமைக் கோரிக்கை வரலாம். பதிவுசெய்யும்போது ஒலி அமைப்பில் இசையை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வெடிச்சத்தத்தை விட்டுவையுங்கள். இசைக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டைச் செருகினால் அந்தப் பாட்டின் உரிமையாளரிடமிருந்து கோரிக்கை இன்னும் சீக்கிரம் வரும்.