சைக்கிள் கேள்வி–பதில்: கேப் எபிக் போக நினைப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் 2004-ல் தொடங்கிய மலைச் சைக்கிள் போட்டி கேப் எபிக். வழக்கமாக மார்ச் மாதம் நடக்கிறது. எட்டு நாள், இருவர் அணி. பாதை ஆண்டுதோறும் மாறும். மொத்தம் 600 முதல் 700 கி.மீ., ஏற்றம் மட்டும் 15,000 மீட்டருக்கு மேல். உலகச் சாம்பியன்கள் ஓட்டும் அதே தடத்தில் சாதாரண ஆட்களும் ஓட்டலாம் என்பதால், அதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கே: நானும் என் அத்தை மகனும் ஓர் அணியாகப் போக நினைக்கிறோம். அவன் ஏற்றத்தில் என்னைவிட நல்ல வேகம். இது பெரிய சிக்கலா? (கோவை)

ஆம். முதலில் தீர்க்க வேண்டியதே இதுதான். அணியின் இருவரும் 2 நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் நேரத் தண்டனை. ஆனால் விதியைவிட உடம்புதான் முதலில் தண்டிக்கும். வேகமானவர் மேலே போய்க் காத்திருப்பார், அதற்குள் அவருக்கு மூச்சு சீராகிவிடும். பின்னால் வருபவர் வந்து சேர்ந்த கணமே மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஏற்றம்தோறும் ஓய்வு, இன்னொருவருக்கு நாள் முழுக்க ஒன்றுமில்லை. இப்படி ஓட்டும் அணிகளில் மூன்றாம் நாளே மெதுவானவர் படுத்துவிடுவார்.

ஏற்றத்தில் எப்போதும் நீங்கள் முன்னால் போங்கள், அவர் உங்கள் பின்சக்கரத்தை ஒட்டி வரட்டும். சமதள மண்பாதையில், குறிப்பாக அந்தப் பகுதியில் கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்றை எதிர்த்துப் போகும்போது, அவர் முன்னால் போக வேண்டும். கருவிகள், மாற்று டியூப், பம்ப், கூடுதலாக ஒரு லிட்டர் தண்ணீர் எல்லாம் அவர் முதுகில். ஒரு மணி நேர ஏற்றத்தில் உங்கள் இருவருக்கும் வித்தியாசம் 6 நிமிடத்துக்குள் என்றால் இதிலேயே சரிக்கட்டிவிடலாம். 12 நிமிடத்தைத் தாண்டினால் வேறு ஜோடி பார்ப்பதுதான் இருவருக்கும் நல்லது. உறவுக்கும்தான்.

ஒருவர் பாதியில் விலகினால் மற்றவர் தனியாகத் தொடரலாம், ஆனால் அணிக்கு முடிவுப் பட்டியலில் இடமில்லை. அப்படி நேர்ந்தால் தொடர்வதா, நிறுத்துவதா என்று கட்டணம் கட்டும் முன்பே பேசி முடிவெடுங்கள்.

கே: சென்னையில் இருக்கிறேன். ஈசிஆரில்தான் ஓட்டம். மலையே இல்லாமல் தயாராக முடியுமா? (திருவான்மியூர்)

கால்களைத் தயார்செய்யலாம். கைகளையும் கண்ணையும் முடியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் சுமார் 1,900 மீட்டர். கேப் எபிக் அதைப்போல எட்டு மடங்கு, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஓர் ஊட்டி. அதுவும் தார்ச் சாலையில் இல்லை. உருளும் கல்லில், சில இடங்களில் 15 முதல் 20 சதவீதச் சரிவில்.

எட்டு மாதம் ஒதுக்குங்கள், வாரம் 10 முதல் 12 மணி நேரம். எதிர்காற்றில் கனமான கியர் போட்டு, உட்கார்ந்தபடியே, நிமிடத்துக்கு 50–60 சுற்றில் பத்துப் பத்து நிமிடமாக நான்கு முறை மிதித்தால், செங்குத்தில் தேவைப்படும் தொடை பலம் வரும். முழங்கால் வலித்தால் உடனே விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். சனிக்கிழமை எவ்வளவு வேகமாக ஓட்டினீர்கள் என்பதைவிட, ஞாயிறு காலை அதே இதயத் துடிப்பில் அதே வேகம் வருகிறதா என்று பாருங்கள். எட்டு நாள் போட்டிக்கு உரிய அளவுகோல் அதுதான்.

மாதம் ஒருமுறையாவது மூன்று நாள் மலைக்குப் போய்விடுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைச் சாலை ஏற்றத்துக்கு நல்லது. இறக்கத்தை மட்டும் எஸ்டேட் மண்பாதைகளில், அனுமதி வாங்கி, பழக வேண்டும். வழியில் விலகும் சென்னை, பெங்களூர்க்காரர்கள் பலரை வீழ்த்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் முன்கை செத்துப்போகும், பிரேக்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். நேராக உள்ள இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள்.

வெயில் உங்களுக்குச் சாதகம். அங்கே மார்ச்சில் 35 டிகிரிக்கு மேலும் போகும். ஆனால் வெப்பத்துக்குப் பழகிய உடல் இரண்டு மூன்று வாரத்தில் அதை மறந்துவிடும். கடைசி மாதத்தை ஏசி அறையில் டிரெயினர் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) மேல் கழிக்காதீர்கள்.

கே: முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள வண்டி போதுமா? கியர், டயர் என்ன போடலாம்? (குன்னூர்)

முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் 100–120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள வண்டியையே சொல்வோம். நாள்தோறும் ஆறேழு மணி நேரம் குலுங்கினால், நாலாம் நாள் இடுப்பு உங்களை உட்கார விடாது.

கியர்: பின்னால் 10 பல்லிலிருந்து 51 அல்லது 52 பல் வரையுள்ள பற்சக்கரங்கள், முன்னால் 30 பல். 32 பல் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன்னால் 32, பின்னால் 51 பல்லில், 29 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 5.2 கி.மீ. ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால், 15 சதவீத ஏற்றத்தில் அதற்குச் சுமார் 200 வாட் வேண்டும். 30 பல் போட்டால் ஏறத்தாழ 12 வாட் குறையும். ஒரு நாளுக்கு அது ஒன்றுமில்லை, எட்டு நாளுக்கு நிறைய.

டயர்: 2.35 அல்லது 2.4 அங்குலம், பக்கச்சுவர் வலுவானது, கட்டாயம் டியூப்லெஸ். சக்கரத்துக்கு 100–120 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்). இங்கே ஊற்றியதை நம்பிப் போகாதீர்கள், வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். அங்கே போய்ப் புதிதாக ஊற்றுங்கள். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 20–22, பின்னால் 22–25 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கிப் பாருங்கள்.

அங்கே டயரைக் குத்தும் முட்களில் ஒன்று நம் நெருஞ்சியேதான். டயரில் தைத்த முள்ளைச் சுற்றிச் சீலன்ட் அடைத்திருக்கும், அதனால் முள்ளைப் பிடுங்காதீர்கள். ஆனால் பெரிய கிழிசல் விழுந்து டியூப் போட நேர்ந்தால், உள்பக்கம் துணியால் தடவித் தடவி ஒவ்வொரு முள்ளையும் எடுத்த பிறகே போட வேண்டும். இல்லாவிட்டால் புது டியூப் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

கையில்: டயர் ஓட்டையை அடைக்கும் பிளக் செட், ஒரு டியூப், கிழிசலுக்கு உள்ஒட்டு, இரண்டு செயின் இணைப்பு, செயின் கட்டர், பம்ப், உங்கள் வண்டிச் சட்டத்துக்கே (ஃப்ரேம்) பொருந்தும் கியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு). இந்த ஹேங்கரைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒரு சின்ன விழுதலில் அது வளைந்தால் கியர் போச்சு; எல்லா மாடலுக்கும் அது கடையில் கிடைக்காது. பிரேக் பேட் உலோகக் கலவையாக இருக்கட்டும். மழைச் சேற்றில் ரெசின் (பிசின் கலவை) பேட் ஒரே நாளில் தேய்ந்து தீரலாம்.

கே: நீண்ட ஓட்டங்களில் மூன்றாம் மணியில் வயிறு பிரட்டுகிறது. என்ன சாப்பிடுவது? (மதுரை)

மணிக்கு 60 முதல் 80 கிராம் மாவுச்சத்து, 500–750 மி.லி. தண்ணீர், லிட்டருக்கு 500–1,000 மி.கி. சோடியம். இதை முதல் மணியிலிருந்தே தொடங்க வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் வயிறு ஏற்காது. வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சை, உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு நல்லவை. கடலை மிட்டாய் ஏற்றத்தில் வேண்டாம், கொழுப்பு வயிற்றிலேயே நிற்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து.

போட்டி பண்ணைகள் வழியாகவும் போகிறது. முன்சக்கரம் வாரியடிக்கும் சாணப் புழுதி பாட்டில் வாயில்தான் வந்து ஒட்டும். வயிற்றுப்போக்குக்கு அது ஒரு காரணம். மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள், குடிக்கும் முன் கொஞ்சம் பீய்ச்சி விடுங்கள், தண்ணீர்ப் பந்தலில் கை போட்டு அள்ளாதீர்கள். வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓட்டுவது மிகத் தவறு. நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கே: உட்காரும் இடத்தில் புண் வராமல் இருக்க? (ஈரோடு)

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஈர உடையைக் கழற்றுங்கள், கழுவுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். பேட் (உட்காரும் இடத்தில் மெத்தை) வைத்த கால்சட்டை குறைந்தது நான்கு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் சீட்டை மாற்றாதீர்கள். சிவந்தால் அன்று மாலையே மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

கே: பயணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? (திருச்சி)

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகும் விமானத்தில் டிக்கெட் எடுத்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும். போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

பெட்டியில் கட்டும்போது பிரேக் டிஸ்குகளைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே தடுப்புத் தகடு செருகுங்கள். பின் கியர் மாற்றியைக் கழற்றிச் சட்டத்தோடு துணி சுற்றிக் கட்டுங்கள். டயரில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், முழுக்க இறக்கினால் டயர் சக்கர விளிம்பிலிருந்து விலகிப் பெட்டிக்குள் சீலன்ட் கொட்டும். காற்றடிக்கும் சிறு எரிவாயுக் குப்பிகளை விமான நிலையத்தில் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், கேப் டவுனில் வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் கியரின் தனி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். ஷூ, பெடல், ஹெல்மெட், ஒரு கால்சட்டை ஆகியவையும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி வராமல் போனால் வண்டியை வாடகைக்கு எடுத்துவிடலாம். பழகிய ஷூவை அப்படி எடுக்க முடியாது.